உச்சி மலைக்குப் புல்லே காடு

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை உச்சிகளில் நட்டு வளர்க்கப்பட்ட பைன், சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) தோட்டங்களைப் படிப்படியாக அகற்றி, அங்கிருந்த புல்வெளிகளை மீட்டாக வேண்டும். இந்தக் கோரிக்கை மலையை விட உரக்கக் கொங்கு மண்ணில் எழ வேண்டும். ஏனெனில் இது நம் தண்ணீர்ப் பிரச்சினை.

இமயமலையில் ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள் மர எல்லை வரை இயற்கையாகவே ஏறி நிற்கின்றன. நம் மலைகளின் அமைப்பு வேறு. சுமார் 1,800 மீட்டருக்கு மேல், ஈரமான மடிப்புகளில் சோலைகளும் திறந்த சரிவுகளில் புல்வெளிகளும் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரி உறைபனி திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. அதைத் தாங்குபவை காட்டுப்பூவரசு போன்ற சில மரங்களே. இந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் உண்டானதும் அல்ல. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் சுகுமார் குழுவினர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்திருக்கிறது.

இதைத் தரிசு என்று முடிவு செய்தது வெள்ளையர் ஆட்சி. விடுதலைக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிட சீகைப் பட்டையும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழும் தேவைப்பட்டன. ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சீகை பரவிக்கொண்டே இருக்கிறது. பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி அழிந்ததாக 2018இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது.

இழப்பின் விலை தண்ணீரில் தெரிகிறது. நீலகிரியின் கிளன்மார்கனில், ஒரு நீர்ப்பிடிப்பைப் புல்வெளியாகவே விட்டு, அடுத்ததில் கற்பூர மரம் நட்டு, ஊட்டி மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் பல ஆண்டுகள் அளந்தது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஓடை நீர் 16 சதவீதமும், இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. கோடையில் ஓடையைக் காக்கும் ஊற்றுநீரும் இளைத்தது. இத்தகைய நீலகிரி மேடுகளின் நீர்தான் பவானியாகிப் பில்லூர் வழியே கோவையின் குடிநீராகிறது. கீழ்பவானிக் கால்வாய் வழியே ஈரோட்டு வயல்களுக்குப் பாய்கிறது.

மரத்தை வெட்டினால் மண் சரியாதா என்ற அச்சம் நியாயமானது. ஒரே மூச்சில் மொட்டையடித்தால் சரியும். மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும் சீகை விதைகளும் வெளிச்சம் பட்டதும் கூட்டமாக முளைக்கும். சில இடங்களில் சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழுந்திருக்கின்றன. அவற்றை விட்டுவைக்க வேண்டும். மற்ற இடங்களில் சிறு சிறு பகுதியாக வெட்டி, நாட்டுப் புல்லை நட்டு, முளைக்கும் சீகையை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். வெட்டுவதற்கு மட்டும் ஒப்பந்தம் விட்டுப் பராமரிப்பைக் கைவிட்டால் பணமும் மலையும் வீண்.

அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வெளியிட்டது. 2023இல், புல்வெளியில் வாழும் வரையாட்டைக் காக்கும் திட்டமும் தொடங்கியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அதே அரசு பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கவும் இலக்கு வைத்திருக்கிறது. தேசிய வனப்பரப்புக் கணக்கில் சீகைத் தோட்டம் காடாகச் சேர்கிறது, புல்வெளி சேர்வதில்லை. இந்தக் கணக்கு மாறாதவரை, புல்லை மீட்கும் அதிகாரி காட்டைக் குறைத்தவராகவே தெரிவார்.

எனவே உயர்மலைப் புல்வெளிகளை அரசு தனி இனமாக வரைபடமாக்கி ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். அங்கே எந்தத் திட்டத்தின் பெயராலும் மரக்கன்று நடத் தடை வேண்டும். புல் நாற்றங்கால்களுக்கு நிரந்தர நிதி ஒதுக்கி, கோயில் கூரைக்குப் புல் வேயும் தோடர் உள்ளிட்ட மலைமக்களை ஊதியத்துடன் ஈடுபடுத்த வேண்டும். வால்பாறைக்கு மேலுள்ள அக்காமலைப் புல்மலை இன்னும் பெருமளவு முழுமையாக நிற்கிறது. மீட்புக்கு அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். கோவை மாநகராட்சியும் பாசன சங்கங்களும் இக்கோரிக்கையைத் தங்கள் தீர்மானமாகவே நிறைவேற்றி அரசுக்கு அனுப்பட்டும்.