கோரிக்கை மனு: நிமோனியா வார்டில் இரவுப் பணிக்குக் கூடுதல் செவிலியர்

பெறுநர்: மாவட்ட மருத்துவத் துறை உயர் அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: செயலாளர், வட்ட அரசு மருத்துவமனைச் செவிலியர் சங்கம்
பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த வட்டத்தின் அரசு மருத்துவமனையில் வார்டு பணி பார்க்கும் செவிலியர்களின் சங்கம் எங்களுடையது.

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்ததும் முதல் மனு கொடுத்தோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதையே திரும்ப எழுதினோம். இன்ஃபுளுயன்சா பரவியபோது மூன்றாம் முறை எழுதினோம். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரிக்கு மேல் பதில் இல்லை. ஆகவே, அன்று சொன்னதை மறுபடியும் விரிவாகவே வைக்கிறோம்.

கொரோனா நிமோனியாவில் முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம். பெரும்பாலானோருக்கு நோய் அதோடு தணிந்துவிடும். சிலருக்கோ, ஏழாம் நாளை ஒட்டி, வைரஸ் குறையத் தொடங்கிய பிறகும் உடலின் எதிர்ப்பு அடங்குவதில்லை. இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்து, காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இந்த அழற்சிதான்.

இதற்கான மருந்து விலை மலிவானது, எங்கள் மருந்தகத்திலேயே இருக்கிறது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் அதன் பலனை நிறுவியது. நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3-ஆகக் குறைந்தனர். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதே மருந்தால் பலனே இல்லை. தீங்கு நேரலாம் என்ற ஐயமும் எழுந்தது. 2020 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதையே வழிகாட்டுதலாக்கியது: நோய் தீவிரமானவருக்குக் கொடு, தீவிரமாகாதவருக்குக் கொடுக்காதே.

தங்கள் கனிவான கவனத்தை இந்த ஒரு விதியின் மீதே வேண்டுகிறோம். கொடுப்பதா, நிறுத்திவைப்பதா என்பதை ஆக்சிமீட்டரில் தெரியும் ரத்த ஆக்சிஜன் அளவுதான் முடிவு செய்கிறது. நம் நாட்டு நெறிமுறைப்படி 93-க்கு வந்தால் மிதமான பாதிப்பு, 90-க்குக் கீழே போனால் கடுமையானது. மூச்சு வேகத்தையும் நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணியாக வேண்டும். கருவியை விரலில் மாட்டவும், மூச்சை எண்ணவும், எழுதி வைக்கவும், மருத்துவரை எழுப்பவும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் வார்டில் இரவில் இருப்பது ஒரே செவிலியர். பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தால் அவரும் அங்கே போய்விடுகிறார்.

கொரோனா நோயாளி சிலவேளை மூச்சிரைப்பு தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பார். அளவு 85-இல் நிற்கும். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மாலையில் 95 இருந்தவருக்கு விடிகாலையில்தான் அடுத்த முறை பார்க்கிறோம் என்றால், இடைப்பட்ட மணி நேரங்களில் அந்த விதி ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது. இதை எழுதும்போது எங்களுக்கு மனம் வலிக்கிறது. அந்த மணி நேரங்களுக்குப் பிறகு குடும்பத்தாருக்குப் பதில் சொல்பவர்கள் நாங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஸ்டீராய்டு போட்டுவிடுவதும் தீர்வாகாது. 2021-இல் கரும்பூஞ்சை நோய் பரவியதை மறக்க முடியுமா? கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் தாக்கியது. ஆகவே மருந்து தொடங்கியவருக்கு இரவிலும் சர்க்கரை பார்க்க வேண்டும். அதுவும் அந்த ஒரே செவிலியரின் வேலைதான்.

எனவே, நிமோனியா நோயாளிகள் உள்ள வார்டுக்கு, வேறெங்கும் மாற்றப்படாத செவிலியர் இருவரை ஒவ்வோர் இரவும் பணியமர்த்தி ஆணையிட வேண்டுகிறோம். நிரந்தரப் பணியிடம் உடனே இயலாதெனில் ஒப்பந்த முறையிலேனும் மழைக்காலத்துக்கு முன் நிரப்ப வேண்டும்.

மேலும், ஆக்சிமீட்டர்களுக்குப் பேட்டரியும், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகளும் தட்டுப்பாடின்றி வழங்கப்பட வேண்டும்.

இன்ஃபுளுயன்சா நிமோனியாவுக்கு ஸ்டீராய்டு பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதால், எந்த வைரஸ் என்றறியும் பரிசோதனை முடிவு தாமதமின்றிக் கிடைக்க ஆவன செய்ய வேண்டும்.

இரவுப் பணியாளருக்கு ஓய்வறை ஒதுக்க வேண்டும்.

இம்மனு பெற்றதற்கான ஒப்புகையையும், முதல் கோரிக்கை மீதான முடிவையும் எழுத்து மூலமாக வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்