கொடையும் பாக்கியும்

ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குப் பெரிய கம்பெனிகள் தரும் பணத்தை 'நன்கொடை' என்று கூசாமல் எழுதுகிறார்கள். வார்த்தைகளில் அக்கறை உள்ளவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு வார்த்தை பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நமக்கு அழகில்லை.

ஓர் உதாரணம் போதும். இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லை, வங்கி விவரத்தை வழியில் யாரும் படித்துவிடாதபடி மறைத்துத் தரும் நிரல் தொகுப்பு ஓப்பன்எஸ்எஸ்எல். யாரும் விலையின்றி எடுத்தாளலாம். பெரிய கம்பெனிகளும் எடுத்தாண்டன. முழுநேரமும் அதற்கே உழைத்தவரோ ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்; மீதிப் பிழைப்பு ஒப்பந்த வேலைகளில். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை அம்பலமாயிற்று. 2012இலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. அதே மாதம் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான் உள்ளிட்ட ஒரு டஜன் கம்பெனிகள், லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக, இத்தகைய திட்டங்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் 3 ஆண்டுகள் தருவதாக அறிவித்தன.

அத்தனை காலம் திறக்காத பை, சொந்தக் கூரை ஒழுகியதும் திறந்தது. இதுவா தாராளம்? பாரி தேர் கொடுத்த முல்லையால் அவனுக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இருக்கவில்லை.

'உரிமமே இலவசம் என்கிறபோது கடன் எங்கே வந்தது?' என்கிறார்கள் நண்பர்கள். சட்டப்படி கடன் இல்லைதான். ஆனால் சட்டம் கேட்காததெல்லாம் தானமாகிவிடாது. முதலில் கொடுத்தவர்கள் நிரல் எழுதியவர்கள். எடுத்துப்போவது யார் என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார்கள். வள்ளல் என்ற சொல் யாருக்காவது பொருந்துமென்றால் அவர்களுக்குத்தான். கம்பெனிகள் பிற்பாடு தந்தது பழைய பாக்கியில் ஒரு பகுதி.

பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது. நன்கொடை என்றால் நினைத்தபோது நிறுத்தலாம். வாங்குகிறவர் நன்றி சொல்லிக்கொண்டு, விமர்சனத்தை விழுங்கிக்கொண்டு நிற்கவேண்டும். பாக்கி என்றால் கேட்கும் உரிமை உண்டு.

2024இல் எக்ஸ்இஸட் என்ற சிறு நிரலில், உதவ வந்தவராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் ரகசியப் பின்வாசல் வைத்தது தெரியவந்தது. அதைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் சம்பளமில்லாமல் களைத்துப்போயிருந்த ஒரு தனிமனிதர். பணம் வந்திருந்தால் இது நடந்திராது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்தக் கை களைத்த மனிதரைத் தேடித்தான் வந்தது.

கம்பெனிகள் இன்னும் அதிகமாகவே தரட்டும். ஆபத்து வருமுன், ஆண்டு தவறாமல் தரட்டும். ரசீதில் 'நன்கொடை' என்று எழுதச் சொன்னால் நாம் எழுதவேண்டாம்.