யாருடைய குடும்பம்?

விலை உயர்ந்த கார் வாங்கியவரிடம் போய், "கார் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதைப் போன்ற வீண் வேலை உலகத்தில் வேறொன்று இல்லை. அவர் என்ன சொல்லுவார்? "பிரமாதம்!" என்றுதான் சொல்லுவார். அறுபது லட்சமோ எண்பது லட்சமோ கொட்டிக் கொடுத்து, ஏழு வருஷத் தவணைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்த மனிதர், "ஏமாந்து போனேன்" என்று வாயைத் திறந்து சொல்ல அவர் என்ன அரிச்சந்திரனா? பிள்ளை வீட்டாரிடமே போய்ப் பிள்ளையின் குணத்தை விசாரிப்பதும் இதுவும் ஒன்றுதான்.

ஆனால் இந்தக் காலத்தில் இந்த வீண் வேலைதான் பெரிய ஆராய்ச்சி மாதிரி நடக்கிறது. எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் யானைக் கார் ஒன்றை வாங்க நினைப்பவர்கள், ஏற்கெனவே வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து அனுபவம் கேட்கிறார்கள். அவர்களும் சளைக்காமல் சொல்லுகிறார்கள். ஸ்டியரிங் வெண்ணெயாக வழுக்குகிறது என்கிறார்கள், மேற்கூரையில் வானம் தெரிகிறது என்கிறார்கள், கடைசியில் தவறாமல் ஒரு வாக்கியம் சேர்க்கிறார்கள்: "எல்லாம் குடும்பத்துக்காகத்தான் சார்!"

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

எனக்குச் சொந்தமாக இந்த வகைக் கார் கிடையாது. ஆனால் நண்பர்கள், உறவினர்கள் புண்ணியத்தில் அதன் மூன்று வரிசைகளிலும் உட்கார்ந்து நெடுந்தூரம் போயிருக்கிறேன். அதற்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்ற அனுபவமும் தாராளமாக உண்டு. தவிரவும், கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொழில் புத்தி உண்டு. ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவன் குடும்பத் தலைவரோடு பேசிவிட்டுத் திரும்பிவிட மாட்டான். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பான். திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசுவான். அடுத்த வீட்டுக்காரரையும் விசாரிப்பான். காரையும் அப்படியே விசாரிக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் இதன் பூர்வீகம். இது காட்டுக்கும் கரம்புக்கும் பிறந்த வண்டி. இரண்டாம் உலக யுத்தத்தில் சேறு மிதித்த ஜீப்புதான் இதற்குப் பாட்டன். 1947இல் மஹிந்திரா நிறுவனத்தார் அந்த ஜீப்பின் பாகங்களை இங்கே பூட்டி விற்கத் தொடங்கினார்கள். 1970இல் இங்கிலாந்தில் ரேஞ்ச் ரோவர் வெளிவந்தபோது, அதன் ஆசனங்கள் சாதாரண வினைல், தரை ரப்பர். சேற்றுக் காலோடு ஏறி இறங்கிவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உள்ளேயே கழுவிவிடலாம். நல்ல யோசனைதான். இன்று அதே பரம்பரையில் வந்த காருக்குள் ஒரு வாய்ப் பொரிகடலை சிந்திவிட்டால் குழந்தையின் முதுகில் அறை விழுகிறது.

உழவனின் வண்டி எப்படிக் குடும்ப வண்டி ஆயிற்று? அதற்கு ஒரு சட்டத்தின் ஓட்டை உதவியது. 1975இல், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அமெரிக்க அரசாங்கம் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் செய்தது. கார்களுக்குக் கடுமையான அளவு. சிறிய லாரி வகைகளுக்குச் சலுகை. கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1984இல் வந்த ஜீப் செரோக்கி, 1990இல் வந்த ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் முதலான வண்டிகள் அந்தச் சலுகையின் நிழலில்தான் செழித்தன. சட்டத்தின் முன்னால் அது லாரி. விளம்பரத்தில் அது குடும்பக் கார். 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 48 இந்த வகைதான் என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்லியிருக்கிறது. உலகத்தில் பாதிக் குடும்பங்களுக்குத் திடீரென்று மலையேறும் அவசியம் வந்துவிட்டதா என்ன?

சரி, குடும்பத்தைக் கேட்போம். யாருக்காக வாங்கினாரோ அந்த அம்மாவை முதலில் கேட்போம். முழங்கால் வாதத்தோடு எழுபது வயதைத் தாண்டியவள். அந்தப் படியில் கால் வைத்து ஏறுவதற்குள் இரண்டு பேர் தாங்க வேண்டியிருக்கிறது. பழைய சிறிய காரில் கதவைத் திறந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தானே உட்கார்ந்தவள் அவள். இப்போது கோயிலுக்குப் போகலாமா என்று மகன் கேட்டால், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு அசதியாக இருக்கிறது" என்கிறாள். மகனும் நம்புகிறான்.

அடுத்தது மூன்றாம் வரிசை. ஏழு பேர் போகலாம் என்று ஆசை காட்டுவது இந்த வரிசையை வைத்துத்தான். அங்கே உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை முட்டும். வால்வோ எக்ஸ்.சி.90 காரை விற்பவர்கள், மூன்றாம் வரிசை 170 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று தாங்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த நேர்மையை நான் பாராட்டுகிறேன். மற்றவர்கள் நேர்மையைக்கூட எதிர்பார்க்க வேண்டாம், அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். கடைசி வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடமில்லை. பெட்டியை வைத்தால் வரிசையை மடக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஏழு பேரும் கிளம்பினால், சீர்த்தட்டும் பட்டுப்புடவைப் பெட்டியும் பின்னால் ஒரு வாடகைக் காரில் வருகின்றன. இதை எந்தச் சொந்தக்காரரும் அனுபவமாகச் சொல்லக் கேட்டதில்லை.

மனைவியைக் கேளுங்கள். வாங்கிய எட்டாம் மாதம் கண்ணாடித் திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸுக்குப் போன கார் மூன்று வாரம் திரும்பவில்லை. "பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்" என்று பதில். அந்த மூன்று வாரமும் குடும்பம் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போயிற்று, ஆபீஸ் போயிற்று, ஆஸ்பத்திரி போயிற்று, ஒன்றும் குறைந்துவிடவில்லை. வந்த பில்லைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் வாயடைத்துப் போனாள். சொந்தக்காரர் அன்று மாலையே இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சர்வீஸ் மட்டும் கொஞ்சம் சுமார், மற்றபடி பிரமாதம்!"

இதெல்லாம் அவரவர் வீட்டு விவகாரம். அவர் பணம், அவர் முதுகுவலி என்று விட்டுவிடலாம். ஆனால் காரின் அனுபவம் காருக்குள் முடிந்துவிடுவதில்லையே! அதற்கு முன்னால் ஒரு தெரு இருக்கிறது. அங்கேதான் நான் விடமாட்டேன் என்கிறேன்.

"பாதுகாப்பு சார், பாதுகாப்பு! மோதினாலும் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். வாஸ்தவம். இரண்டு டன் இரும்புக்குள் இருப்பவருக்கு ஆபத்து குறைவுதான். யார் மீது மோதினால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? தாழ்ந்த பானெட் உள்ள கார் ஒரு மனிதன் மீது மோதினால், அடி காலில் விழுகிறது. அவன் பெரும்பாலும் பானெட்டின் மேல் சாய்கிறான். சுவர் மாதிரி நிமிர்ந்த முகமுள்ள வண்டி மோதினால், அடி இடுப்பிலும் மார்பிலும் விழுகிறது. மோதப்பட்டது குழந்தையாக இருந்தால் தலையிலேயே விழுகிறது. ஆளை முன்னால் தள்ளிக் கீழே வீழ்த்துகிறது. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே பணம் போட்டு நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 2023இல் இதைக் கணக்கெடுத்துச் சொன்னது. முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரி மீது மோதினால், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிந்த முகமுள்ள கார்களைவிடச் சாவு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு அதிகம். தவிர, அந்த உயரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் நிற்கும் மூன்று வயதுக் குழந்தை கண்ணிலேயே படாது.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். நூறு சாவில் அறுபத்து நாலு இந்த இரண்டு கூட்டத்தாருடையது. இவர்களையெல்லாம் பெரிய கார்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. லாரியும் பஸ்ஸும் வேகமும் குடியும் செய்த பாவம் நிறைய. ஆனால் நம் தேசத்தில் சாலையில் சாகிறவன் யார் என்று இந்தக் கணக்கு சொல்லுகிறது. அவனுக்கும் அம்மா இருக்கிறாள். அவன் ஸ்கூட்டரின் முன்னால் நிற்கும் குழந்தையும் குடும்பம்தான். 'குடும்பத்தின் பாதுகாப்பு' என்று சொல்லும்போது எந்தக் குடும்பத்தைச் சொல்லுகிறீர்கள், ஐயா?

2023 அக்டோபரில் நம் நாட்டுக் கார்களுக்கு நட்சத்திர மதிப்பு கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று கொடுத்த அந்த நட்சத்திரங்கள் இரண்டும் காருக்குள் இருப்பவர்களுக்கே. வெளியே இருப்பவனுக்குப் பெயர் சொல்லி ஒரு நட்சத்திரம் இல்லை.

"நாங்கள் வரி கட்டவில்லையா?" என்று கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. கட்டுகிறீர்கள். 2025 செப்டம்பர் 22 வரையில், இந்தப் பெரிய வண்டிகளுக்கு வரி 28, செஸ் 22, ஆக நூற்றுக்கு 50. அன்று முதல் அது 40 ஆகக் குறைந்தது. மின்சாரத்தில் ஓடினால், கோடி ரூபாய் வண்டியானாலும், எத்தனை கனமானாலும், அப்போது வைத்த வரி 5தான். நீளம் நாலு மீட்டரைத் தாண்டுகிறதா, எஞ்சின் 1500 சி.சி.யைத் தாண்டுகிறதா என்று நம் வரிச் சட்டம் கேட்டது. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே 170 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து அளந்தது. எதிரே நடந்து வருகிறவனின் மார்பில் இடிக்கும் அந்த முகத்தின் உயரத்தை அளக்க மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

மலைப் பாதையில் தினம் போய்வரும் டாக்டரோடும், பெரிய கூட்டுக் குடும்பத்தை உண்மையாகவே சுமந்து செல்கிறவரோடும் எனக்கு வழக்கில்லை. வண்டிக்கு வேலை இருக்கிறது, ஓட்டட்டும். மேற்கு மாம்பலத்துச் சந்துக்குள் ஒரே ஒரு ஆள் ஒரு கட்டுக் கீரை வாங்க இரண்டு டன்னை உருட்டிக்கொண்டு வருகிறாரே, அவரோடுதான் வழக்கு. திருவாரூர் ஆழித்தேரும் தெருவை அடைத்துக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறது. ஊரே வடம் பிடிக்கிறது. இந்தத் தேர் தினம் வருகிறது. பிறகு அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறது. அடுத்த வீட்டுக்காரர் தம் ஸ்கூட்டரை வெளியே எடுக்கக் கைகட்டி நிற்கிறார்.

செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. பாரிஸ் நகரத்தில் 2024 பிப்ரவரியில் ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். வந்து ஓட்டுப் போட்டவர்கள் சொற்பம்தான். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சரி என்றார்கள். வெளியிலிருந்து வரும் கனத்த கார்களுக்கு நகரின் நடுப்பகுதியில் ஒரு மணி நேரம் நிறுத்தக் கட்டணம் மூன்று மடங்காகி 18 யூரோ ஆயிற்று. நம் மாநகராட்சியும் தெருவோர இடத்துக்கு வண்டியின் எடையைப் பார்த்துக் கட்டணம் வாங்கட்டும். வரி போடுகிறவர்கள் பானெட்டின் உயரத்தையும் அளக்கட்டும். நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் பாதசாரிக்கும் தனியாக ஒரு நட்சத்திரம் ஒதுக்கட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுபவம் கேட்பதை நிறுத்த வேண்டாம். கேட்கும் ஆளை மாற்றுங்கள். சாவியைச் சுழற்றிக்கொண்டிருப்பவரை விட்டுவிடுங்கள். கோயிலுக்கு வராமல் வீட்டில் தங்கிவிட்ட அவருடைய தாயாரைக் கேளுங்கள். வாசல் அடைபட்ட அடுத்த வீட்டுக்காரரைக் கேளுங்கள். அந்தத் தெரு முனையில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கார் திரும்பி முடிக்கட்டும் என்று சுவரோடு ஒட்டி நிற்கும் பெரியவரைக் கேளுங்கள். அவர்கள் மூவரும் "பிரமாதம்" என்று சொன்னால், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.