சத்தத்துக்கு 300 வெள்ளி, டயருக்கு 75 இல்லையா?

கடந்த மாதம் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற, வழக்கமாகப் போகும் பட்டறையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவர் நின்றிருந்தார். வயது 19 அல்லது 20 இருக்கும். தமது சிறிய ஸ்கூட்டருக்குப் புதிய எக்ஸோஸ் குழாய் பொருத்த வந்திருந்தார். விலை 300 ரிங்கிட். பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணம் என்று பெருமையாகச் சொன்னார். பட்டறைக்காரர் குழாயைப் பொருத்திவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். டயரின் நடுவில் கோடு என்று எதுவும் மிச்சமில்லை.

"தம்பி, டயரு மொட்டையா போச்சு. 75 வெள்ளிதான். இன்னைக்கே மாத்திடுவோமா?"

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் அண்ணே. இப்ப காசு இல்ல."

அந்த மாணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் இருக்கிறோம். கண்ணுக்குத் தெரிவதற்கும் காதுக்குக் கேட்பதற்கும் முதலில் செலவு செய்கிறோம். சக்கரத்துக்கு அடியில் தேய்ந்து கொண்டிருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மாணவர்களுக்கு டயர் வாங்கப் பணம் இல்லை என்று சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்கவில்லை. இல்லாதது பணம் என்பதைவிட, டயரைப் பார்க்கும் பழக்கம் என்பதே என் கருத்து.

நம் நாட்டில் 16 வயதிலேயே பி2 உரிமம் எடுக்கலாம். ஐந்தாம் படிவ மாணவர் பள்ளிக்கும் டியூஷனுக்கும் கப்சாயில் போகிறார். பாலிடெக்னிக் மாணவர் மாலையில் உணவு விநியோகம் செய்கிறார். அதே நாட்டில், சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். எல்லா விபத்துக்கும் டயர் காரணமல்ல. வேகம், கவனக்குறைவு, குழி விழுந்த சாலை, சமிக்ஞை கொடுக்காமல் திரும்பும் கார் என்று காரணங்கள் பல. ஆனால் அடுத்தவர் எப்படிக் கார் ஓட்டுகிறார் என்பது நம் கையில் இல்லை. நம் டயர் நம் கையில் இருக்கிறது.

உள்ளங்கையளவு ரப்பர்

ஒரு சிறிய ஸ்கூட்டர் ஓடும்போது எவ்வளவு ரப்பர் சாலையைத் தொடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு டயரிலும் உங்கள் உள்ளங்கையளவுகூட இருக்காது. பிரேக் பிடிப்பது, வளைவில் சாய்வது, திடீரென்று குறுக்கே வரும் பூனைக்காக ஒதுங்குவது எல்லாம் அந்தச் சிறிய இடத்தின் உராய்வை நம்பித்தான். இயற்பியல் பாடத்தில் உராய்வு விசை படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"பந்தய மோட்டார்களில் கோடே இல்லையே, அவை எப்படி 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். செப்பாங்கில் மோட்டோ ஜிபி பார்த்தவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். கோடில்லாத டயர் காய்ந்த சாலைக்கு மட்டுமே. மழை வந்துவிட்டால் வீரர்கள் கோடு போட்ட மழை டயருக்கு மாறுகிறார்கள். தண்ணீரை ஒதுக்கி, ரப்பரைச் சாலையோடு சேர்த்து வைப்பதுதான் அந்தக் கோடுகளின் வேலை. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களே மழையில் மொட்டை டயரில் ஓட்டத் துணிவதில்லை. மாலை நான்கு மணி மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் நாம் மட்டும் எந்தத் துணிச்சலில் ஓட்டுகிறோம்?

டயரிலும் பாடம் இருக்கிறது

டயர் மாற்றப் போகும்போது "ஏதாவது ஒன்னு போடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஹோண்டா பீட் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பின் டயரில் 90/90-14 46பி என்று இருக்கும். முதல் 90 டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது 90, அந்த அகலத்தில் டயரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது. ஆக, உயரம் 81 மில்லிமீட்டர். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 46 என்பது எடைக் குறியீடு; அந்த டயர் 170 கிலோகிராம் வரை தாங்கும். 'பி' என்ற ஆங்கில எழுத்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வரைக்குமான டயர் என்று பொருள். ஒற்றை வரியில் இவ்வளவு செய்தி இருக்கிறது. உங்கள் வண்டிக்கு எந்த அளவு என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் ஒட்டுத்தாளிலும் இருக்கும். அதே அளவை வாங்குங்கள். எடைக் குறியீடு மட்டும் குறையவே கூடாது. பின்னால் நண்பரையோ உணவுப் பெட்டியையோ ஏற்றிச் செல்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இங்கேதான் 'தாயர் சாச்சிங்' என்ற புழு டயர் மோகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. யமஹா எல்சி135 வண்டியின் பின்சக்கரத்துக்கு நிறுவனம் குறித்த அளவு 100/70-17. அதைக் கழற்றிவிட்டு 60/80-17 போடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலத்தில் 40 மில்லிமீட்டர் போய்விடுகிறது. உயரம் 70லிருந்து 48 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. வண்டியின் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்கிறது. சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகிறது. எடை தாங்கும் திறனும் குறைந்துவிடுகிறது. பார்க்க ஒல்லியாக, அழகாக இருக்கிறது என்பார்கள். அவசரமாகப் பிரேக் பிடிக்கும் நொடியில் அந்த அழகு எதற்கும் உதவாது.

அளவுக்கு மீறிய அகலமும் சரியல்ல. குறுகலான ரிம்மில் பெரிய டயரைப் போட்டால் அது இறுகி, நடுப்பகுதி மட்டும் புடைத்து நிற்கும். வளைவில் சாயும்போது வண்டி இயல்பாகச் சாயாது. சில வண்டிகளில் டயர் மட்கார்டிலோ சங்கிலியிலோ உரசும்.

இன்னும் இரண்டு குறிகள் இருக்கின்றன. ஒன்று, தேய்மானக் குறி. டயரின் ஓரத்தில் ஒரு சிறு முக்கோணமோ, 'டிடபிள்யூஐ' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அங்கிருந்து நேராக நடுவுக்கு வந்தால், கோட்டின் அடியில் சிறிய மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. இன்னொன்று, பிறந்த தேதி. நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 1525 என்றால், 2025ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் உழைக்காமல் கிடந்தாலும் காலப்போக்கில் இறுகிப் போகும். கடையில் பல ஆண்டுகள் தொங்கிய டயர் பளபளப்பாக இருக்கலாம். ஈரச் சாலையில் பிடிக்காது. மலிவு விலை என்றால் முதலில் அந்த நான்கு எண்களைப் பாருங்கள்.

15 சென் கணக்கு

"சொல்வது சுலபம். பிடிபிடிஎன் கடனில் படிக்கிறோம், வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் அதில்தான்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அது உண்மையும்கூட. நம் குடும்பங்களில் பலருக்கு 75 ரிங்கிட் சிறிய தொகை அல்ல. அதனால்தான் சிலர் 20 ரிங்கிட் பழைய டயரைத் தேடிப் போகிறார்கள். ஆனால், பழைய டயரின் வரலாறு நமக்குத் தெரியாது. எத்தனை முறை பஞ்சரானது, எந்தக் குழியில் அடிபட்டது, உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்பது வெளியே தெரியாது. நான்கு மாதத்தில் அதையும் மாற்ற வேண்டி வந்தால் என்ன மிச்சம்?

வேறொரு கணக்குப் போடுவோம். 75 ரிங்கிட் டயர் ஏறக்குறைய 500 நாள் உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 15 சென். மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடிக்கும் காசில் பத்து நாளுக்கும் மேலான டயர் செலவு அடங்கிவிடும். டயர் திடீரென்று வரும் செலவு அல்ல. பெட்ரோல் போடும்போதே தேயத் தொடங்கிய செலவு அது. மாதம் 10 ரிங்கிட் ஒதுக்கினால் இரண்டு டயரையும் கடன் இல்லாமல் மாற்றலாம். உண்மையாகவே கையில் காசு இல்லாத மாதத்தில், பெற்றோரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். எக்ஸோஸ் குழாய் கேட்டால் அப்பா திட்டுவார். டயர் கேட்டால் எந்த அப்பாவும் முடியாது என்று சொல்வது அரிது.

பின் டயர்தான் பெரும்பாலும் முதலில் தேயும். அதனால் முன் டயரை மறந்துவிடுகிறோம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் சாய்கிறது. பின் டயர் வழுக்கினால் சில வேளை சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் அடுத்த நொடி தரையில் கிடப்போம். ஆகவே, இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது மழையில் எப்படி?" ரப்பர் கடினமாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்பு குறையும். மென்மையாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் தினமும் வகுப்புக்குப் போய் வருபவருக்கு நடுத்தரமானதே போதும். டியூப் போட்ட சக்கரம் என்றால் டியூப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியான பக்கம் இருக்கிறதா என்று பட்டறையிலேயே பாருங்கள். புதிய டயரின் மேற்பரப்பு முதலில் சற்று வழுக்கும். முதல் 100 கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பார்ப்பதற்குக் காசும் வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு யோசனை. நம் உயர்க்கல்விக் கூடங்களில் இந்திய மாணவர் அமைப்புகள் தீபாவளியும் பொங்கலும் சிறப்பாக நடத்துகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு, அதே அமைப்புகள் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு காலைப் பொழுதை டயர் பார்ப்பதற்கு ஒதுக்கலாமே? அருகிலுள்ள பட்டறைக்காரர் ஒருவரை அழைத்தால் போதும். மண்டபம் வேண்டாம், பேச்சாளர் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். பத்துப் பேருடைய மொட்டை டயர் அன்று கண்ணில் பட்டாலே அந்தக் காலை வீண் போகாது.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய் உங்கள் மோட்டார் சைக்கிளின் அருகில் குனிந்து பாருங்கள். கோடு இருக்கிறதா, அந்த நான்கு எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்த்த பிறகு "அடுத்த மாசம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.