கனமான லென்ஸா? இலேசான லென்ஸா?



ஆண்டு மலர் என்றதும் கவிதை வருகிறவர்கள் கவிதை எழுதுவார்கள். ஜோக் வருகிறவர்கள் ஜோக் எழுதுவார்கள். எனக்கு இரண்டும் வராது. எனக்குத் தெரிந்தது லேத்தும் கேமராவும்தான். லேத்தைப் பற்றி எழுதினால் எங்கள் மெக்கானிக்கல் வகுப்பே படிக்காது. ஆகவே கேமரா!

விஷயம் இதுதான். நமது புகைப்படக் குழுவுக்குப் பழைய மாணவர்கள் நன்கொடை கொடுத்திருக்கிறார்கள். பறவைகள், வனவிலங்குகள் எடுக்க 500 மி.மீ. டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கலாம் என்று பேரவையும் சம்மதித்துவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. "வாங்குனா பெரிய எஃப் 4 லென்ஸா வாங்கணும்லே, மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்பது ஆளுங்கட்சி. நான் எதிர்க்கட்சி. என் கட்சியின் நியாயத்தை இங்கே வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

முதலாமாண்டில் கேமராவோடு வந்த சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு கூந்தன்குளம் போனேன். நாங்குநேரி பக்கம் இருக்கும் அந்த ஊரில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டும். 1994-ல் அரசு சரணாலயமாக அறிவிக்கும் முன்பே ஊர்க்காரர்கள் அவற்றைப் பிள்ளைபோல் பார்த்துவந்தார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் அந்தக் குளம் சேர்ந்தது. சின்ன லென்ஸில் நாரை கடுகு மாதிரித் தெரிந்தது. கிட்டே போனேன். இன்னும் கிட்டே போனேன். மரத்தடிக்கே போய்விட்டேன். நாலைந்து நாரைகள் சடசடவென்று எழும்பின. அந்த நேரத்துக்கென்றே காத்திருந்த காக்கை ஒன்று கூட்டிலிருந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

திண்ணையிலிருந்த தாத்தா ஒருவர் திட்டவில்லை. "ஏய்யா, முட்டை இருக்குல்லா... அம்புட்டுக் கிட்ட போவணுமா?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீண்ட லென்ஸ் என்பது படம் பெரிதாகத் தெரிவதற்காக மட்டும் அல்ல, நாம் எட்டி நிற்பதற்காக. இதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

இரண்டாமாண்டில் ஸ்டூடியோ அண்ணன் ஒருவரிடம் பெரிய எஃப் 4 லென்ஸ் இரவல் வாங்கினோம். நாலு கிலோவுக்குப் பக்கம். ஆறு பேர் டவுன் பஸ்ஸில் ஏறி, அதை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனோம். எங்கள் குழுவில் பறவைகளை அதிகம் அறிந்தவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. தண்ணீரில் விழும் நிழலை வைத்தே பேர் சொல்லுவாள். அவளால் அந்த லென்ஸை இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஏந்த முடியவில்லை. ஸ்டாண்டில் வைத்தாலோ, பறக்கிற பறவையின் பின்னால் திருப்புவதற்குள் பறவை போய்விடும். கடைசியில் என்ன ஆயிற்று? பறவையைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள். படம் எடுத்தவர்கள் ஜிம்முக்குப் போகிற இரண்டு பையன்கள். கண்காட்சியில் அவள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை!

இது அவளுடைய குறையா? நாம் படித்த கணக்கையே போட்டுப் பாருங்கள். நாலு கிலோ, உடம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி நின்றால் திருப்புத்திறன் 120 கிலோ-செ.மீ. நான் சொல்கிற நிக்கான் 500 மி.மீ. எஃப் 5.6 பி.எஃப். லென்ஸ் 2018-ல் வந்தது. எடை 1460 கிராம். நீளம் 24 செ.மீ.க்கும் குறைவு. எடை மையம் 20 செ.மீ. தள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டால் திருப்புத்திறன் 29தான். நாலில் ஒரு பங்கு!

எடை எப்படிக் குறைந்தது? ஒரு பகுதி, வாயைச் சிறிதாக்கியதால். 500-ஐ 4-ஆல் வகுத்தால் 125 மி.மீ. 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ. பரப்பளவு பாதி. அதாவது வெளிச்சமும் பாதி. இன்னொரு பகுதி ஃபிரெனெல் தந்த யோசனை. இந்த பிரெஞ்சு விஞ்ஞானி 1820-களில் கலங்கரை விளக்கத்துக்காகக் கனத்த கண்ணாடியை வளையம் வளையமாக வெட்டி இலேசாக்கியவர். அவர் பேரைத் தாங்கிய இந்த லென்ஸ்களில் நுண்ணிய வளையங்கள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி நீலத்தை அதிகம் வளைக்கும். இந்த வளையங்கள் சிவப்பை அதிகம் வளைக்கும். இரண்டையும் சேர்த்தால் நிறப்பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கண்ணாடியும் குறையும், குழலும் சுருங்கும். கேனான் 2001-லேயே 400 மி.மீ. லென்ஸில் இந்த வழியைக் கையாண்டது. நிக்கானின் பழைய 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 1440 கிராம். 2015-ல் இந்த முறையில் செய்த அதே 300 எஃப் 4 வெறும் 755 கிராம்!

சரி, இலேசானதில் குறையே இல்லையா? இருக்கிறது. மறைத்தால் அது கருத்து அல்ல, விளம்பரம்.

முதல் குறை வெளிச்சம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் எஃப் 11-லேயே 1/1600 நொடி கிடைக்கும். கூந்தன்குளத்து வெயிலுக்கு எதுவும் போதும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணிலை மர நிழலில் எடுக்கப் போனால் கதை வேறு. அங்கே வெளிச்சம் ஏழு ஸ்டாப் குறைந்தது என்று வையுங்கள். எஃப் 4-ல் 1/100 கிடைக்கிற இடத்தில் எஃப் 5.6-ல் 1/50தான். கை நடுக்கத்தை லென்ஸுக்குள் இருக்கும் வி.ஆர். சமாளிக்கும், அணிலின் துள்ளலை அது சமாளிக்காது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் புள்ளி விழும்.

இரண்டாவது, எதிர்வெயில். சூரியனோ தண்ணீரின் மினுக்கலோ நேராக அடித்தால் அந்த வளையங்களாலேயே நிற வட்டங்கள் படத்தில் விழலாம். மூன்றாவது, பின்னணி. பெரிய வாய் லென்ஸ் பின்னால் உள்ள முள்ளையும் குச்சியையும் வெண்ணெயாய்க் கரைத்துவிடும். சின்ன வாய் அந்த அளவுக்குக் கரைக்காது. நான்காவது, கனமே ஒரு பலம். கனமான பொருள் சட்டென்று ஆடாது. இலேசான லென்ஸ் காற்றுக்கும் விரல் அசைவுக்கும் துள்ளும். பழக வேண்டும்.

எடையைக் குறைக்கிறேன் என்று ஒரேயடியாகப் போகவும் கூடாது. கேனான் 2020-ல் 600 மி.மீ. எஃப் 11 ஒன்றை 930 கிராமில் கொண்டுவந்தது. வெயிலுக்கு அருமை. மேலே சொன்ன நிழலிலோ அதற்கு 1/12 நொடிதான் கிடைக்கும். தவிர அது நம்மிடமுள்ள பழைய நிக்கான் பாடியில் மாட்டவும் மாட்டாது.

"மூத்தவங்க எல்லாம் கனமாத்தாம்லே தூக்குனாங்க" என்கிறான் என் நண்பன். உண்மைதான். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) தாமே பல பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கனத்த கேமராவைச் சுமந்துதான் காட்டு யானைகளை எடுத்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பேரும் வைத்திருந்தார். ஆனால் அவர் செய்தது என்ன? தன் வேலைக்கு எது வேண்டுமோ அதைத் தானே யோசித்து அமைத்துக்கொண்டார். அவரிடம் நாம் கற்க வேண்டியது அந்த யோசனையை. எடையை அல்ல!

நம் வேலை எது? மாதத்துக்கு ஒரு ஞாயிறு, டவுன் பஸ், திறந்த வெளிக் குளங்கள், ஆறேழு பேர், ஒரே லென்ஸ். இதற்கு ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்து இரண்டரை கிலோவை இறக்கி வைப்பதுதான் என் கணக்கில் லாபம். நாளை யாராவது மழைக்காட்டு நிழலிலேயே வருஷம் முழுக்க வேலை செய்யப் போனால் அவர் எஃப் 4 வாங்கட்டும். முதல் ஆளாக நானே கை தட்டுகிறேன்.

ஒன்றே ஒன்று. எந்த லென்ஸ் வந்தாலும் மரத்தடிக்குப் போகிற புத்தியை அது மாற்றாது. மதிய வெயிலில் தண்ணீர்மேல் கானல் ஆடும்போது எந்த லென்ஸும் தூரத்தைத் தெளிவாகக் காட்டாது. அப்போது கிட்டே போகத் தோன்றும். போகாதீர்கள். லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தாத்தாவிடம் பேசுங்கள்.

பேரவைக் கூட்டத்தில் கை தூக்கும்முன் அந்த நாலு கிலோவை ஒருமுறை ஏந்திப் பாருங்கள். ஏந்த முடியாதவர்களும் நம் குழுவில்தான் இருக்கிறார்கள். அடுத்த கண்காட்சியில் என் தோழி எடுத்த படம் ஒன்றாவது தொங்க வேண்டும். அதுவே என் ஆசை!

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை