பெயர் கேளா நல்கை

'நல்குதல்' என்னும் வினைக்குக் கொடுத்தல் என்பது மட்டும் பொருளன்று. அன்பு காட்டுதல், அருளுதல் என்பனவும் பொருளாகும். அக இலக்கியத் தலைவி 'நல்கார்' என்று வருந்துமிடத்துப் பொன்னையும் பொருளையும் கருதி வருந்தவில்லை என்பதை நம் மாணவர் அறிவர். பல்கலைக்கழக வழக்கில் இன்று 'கிராண்ட்' என்பதற்கு 'நல்கை' என்கிறோம். எச்.ஐ.வி. தடுப்பிலும் பராமரிப்பிலும் ஈடுபட்டுள்ள சிறு அமைப்புகளுக்கு வழங்கப்படும் நிதியைப் பற்றிச் சிந்திக்கும்போது, இச்சொல்லின் இரு பொருளையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. அங்கே பணம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எவ்வாறு கொடுக்கப்படுகிறது என்பதே பெரிய வினா.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு, நம் சென்னையில்தான். மாநிலத்துக்கெனத் தனியாக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் அமைந்தது. அமெரிக்க நிதியுதவியுடன் அடையாறு தன்னார்வ மருத்துவச் சேவை நிறுவனத்தின் வழியாக 1995இல் மற்றொரு திட்டம் தொடங்கியது. அத்திட்டம் ஊர்தோறும் இருந்த தொண்டு அமைப்புகளுக்கு நிதி வழங்கி, லாரி ஓட்டுநர்களிடமும் பிறரிடமும் அவற்றின் வாயிலாகவே பேசிற்று. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 1997இலும், அவர்களுள் பெண்கள் 1998இலும் தமக்கெனத் தேசிய அளவிலான கூட்டமைப்புகளைத் தொடங்கியதும் சென்னையிலேயே. பேசவே கூசிய காலத்தில் இவ்வளவும் நடந்தது. அரசு ஊழியர் நுழைய முடியாத வீட்டுக்குள், அதே தெருவில் வாழும் ஒருவர் நுழைய முடிந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

"மருந்தைத்தான் அரசு இலவசமாகத் தருகிறதே, இன்னும் எதற்கு நிதி?" என்று சமுதாயப் பெரியவர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை விலையின்றி வழங்கப்படுகிறது. நம்பிக்கை மையங்களில் பரிசோதனைக்கும் கட்டணம் இல்லை. தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை ரூ. 15,471.94 கோடி ஒதுக்கப்பட்டது. இது பெருந்தொகை என்பதில் ஐயமில்லை.

ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்கு மனிதர் போய்ச் சேர வேண்டுமல்லவா? சொந்த ஊர் மையத்துக்குப் போனால் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று அஞ்சி, அடுத்த மாவட்டத்து மருத்துவமனையில் பதிவு செய்துகொள்வோர் உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. மாவட்டம் கடக்கும் பேருந்தில் உண்டு. அன்றைய கூலியும் போகும். இரண்டு முறை போகாமல் விட்டால் மாத்திரை தடைப்படும். தடைப்பட்ட உடலில் கிருமி மீண்டும் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறக்கூடும். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டாலோ, உடலுறவின் வழி அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று மருத்துவ உலகம் உறுதி செய்துள்ள உண்மை. எனவே ஒருவருடைய பேருந்துச் செலவு பராமரிப்பாகவும் தடுப்பாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது. மருந்தை நிறுத்தியவரைத் தேடிச் செல்வது, விதவைத் தாய்க்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தருவது, பள்ளிப் பிள்ளைக்குச் சத்துணவுப் பொருள் வாங்குவது என்று சிறு அமைப்புகள் செய்யும் பணிகள் எல்லாம் இத்தகையனவே. பெருந்திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தில் இவற்றுக்கெல்லாம் கட்டம் இருப்பதில்லை.

வெளிநாட்டுப் பணம் முன்போல் கடைநிலை வரை வருவதும் இல்லை. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபின், அத்தகைய நன்கொடையைப் பெற்ற பெரிய நிறுவனம் அதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க இயலாது. நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பும் நூற்றுக்கு 50 என்பதிலிருந்து 20 ஆயிற்று. 2025 சனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இத்துறைப் பணிகள் ஒரே வாரத்தில் நிலைகுலைந்தன. அயலார் கையை மட்டும் நம்பி நிற்கும் தொண்டு எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அது காட்டிவிட்டது. ஆகவே உள்ளூர்ப் பணம் வேண்டும்.

இங்கேதான் நம் கொடை வழக்கத்தை உற்று நோக்க வேண்டியவர்களாகிறோம். தையல் எந்திரம் கொடுத்தாலும் அரிசி மூட்டை கொடுத்தாலும் பெறுபவரை மேடையேற்றி நிழற்படம் எடுத்து மலரில் அச்சிடுகிறோம். கொடுத்தவருக்குச் சான்று வேண்டும் என்பது வாதம். எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணுக்கு இவ்வாறு உதவினால், அந்த நிழற்படமே அவளுடைய வாடகை வீட்டையும் அவள் மகளின் மணப்பேச்சையும் ஒருசேரப் பறித்துவிடும். ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் வருவதற்கு முன்பும் இது தகாத செயல்தான்.

"பெயரே தெரியாவிட்டால் ஏமாற்றுவார்களே!" என்பர். லெட்டர்பேடு அமைப்புகள் இந்நாட்டில் இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. ஆயினும் கணக்கைச் சரிபார்க்க மனிதரின் முகம் தேவையில்லை. பயனாளிக்கு ஓர் எண், செலவுக்கு ஒரு சீட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமைப்பின் பதிவேட்டைப் பார்த்துவர நம்பகமான ஒருவர் என்றால் போதும். தொகை சிறிதாயினும் மூன்றாண்டுக்குத் தொடர்ந்து தருவதாக வாக்களிப்பது இன்றியமையாதது. ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு கைவிட்டால், பழகிய களப்பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார்; அவரிடம் மட்டுமே மனம் திறந்தவர்கள் மீண்டும் வாய் மூடிக்கொள்வர்.

ஒழுக்கக் கேட்டுக்குத் துணைபோவதாகாதா என்னும் தயக்கமும் சிலரிடம் உண்டு. கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியையும் கருவிலேயே பெற்ற குழந்தையையும் முன்னிறுத்தி இதற்கு விடை சொல்வது எளிது. நானும் முன்பு அவ்வாறே சொல்லி வந்தேன். இப்பொழுது அவ்விடை போதாது என்று தோன்றுகிறது. தாகத்தோடு வருபவனிடம் எந்த வழியாக வந்தாய் என்று கேட்டபின் நீர் கொடுப்பவர் நம்முள் எவரும் இல்லை. உகாண்டா நாட்டு இஸ்லாமிய மருத்துவர் சங்கம் 1992இல் இமாம்களையும் அவர்களுக்குத் துணையாக ஆண், பெண் தொண்டர்களையும் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பிற்று. அம்முயற்சியை ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு 1998இல் முன்மாதிரியாக எடுத்துக்காட்டி நூலே வெளியிட்டது. மிம்பரில் பேசத் தகாத பொருள் என்று அவர்கள் ஒதுக்கவில்லை.

நம் கல்லூரிச் செஞ்சுருள் சங்கத்தார் ஆண்டுதோறும் டிசம்பர் முதல் நாளில் பேரணி நடத்துகின்றனர். நன்று. பதாகைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். முன்னாள் மாணவர் மன்றமும் ஜமாஅத் பைத்துல்மாலும் சேரலாம். ஸதகா நிதியை எச்சமயத்தாருக்கும் வழங்கத் தடையில்லை. போய்வர ஒருவருக்கு ரூ. 100 என்று கொண்டால், மாதம் ஒருமுறை 30 பேர் மருந்து வாங்கிவர ஆண்டுக்கு ரூ. 36,000 ஆகும். பேரேட்டில் நோயின் பெயரை எழுத வேண்டிய தேவைகூட இல்லை. 'பயணச் செலவு உதவி, 30 பேர்' என்று ஒரு வரி எழுதினால் தணிக்கையாளருக்கு அது போதும்.