எண் இல்லாத மதம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஜைனர்கள் 44.5 லட்சம் பேர். சர்னா மதத்தினர் 49.6 லட்சம் பேர். ஜைன மதத்துக்குக் கணக்கெடுப்புப் படிவத்தில் 6 என்ற எண் உண்டு. சர்னாவுக்கு எண் கிடையாது. ஜார்க்கண்டில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஊர்வலங்கள், ரயில் மறியல்கள், ஒரு சட்டசபைத் தீர்மானம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இந்த எண் விவகாரம்தான்.

எண் என்றால் என்ன பெரிய சங்கதி என்று கேட்பவர்கள் அந்தப் படிவத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 2011 படிவத்தில் 7-வது கேள்வி மதம். இந்து என்றால் 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, ஜைனர் 6. வேறு மதமா? பெயரை முழுசாக எழுத வேண்டும். எண் எதுவும் போடக் கூடாது. கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். அவர் ஏறி இறங்க வேண்டிய வீடுகள் ஏராளம். ஆதிவாசி வீட்டு வாசலில் நின்று, கேட்காமலே 1 போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார் என்பது சர்னா இயக்கத்தினரின் நெடுநாள் புகார். எழுதுவதைவிட எண் போடுவது சுலபம். கோடிக்கணக்கான படிவங்களில் சுலபமான வழி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

எழுதப்பட்ட பெயருக்கும் முழு மரியாதை கிடைப்பதில்லை. அது 'பிற மதங்கள்' என்ற மூட்டைக்குள் போகிறது. 2011-ல் அந்த மூட்டையில் இருந்தவர்கள் 79 லட்சம் பேர். அதில் பத்தில் ஆறு பேர் சர்னா. மீதியில் கோண்டு மதத்தினர் 10 லட்சத்துக்கு மேல், சாரி தர்மம் 5 லட்சம், அருணாசலத்தின் தோன்யி போலோ 3.3 லட்சம், மணிப்பூரின் சனாமகி 2.2 லட்சம். 57,264 பார்சிகளும் அதே மூட்டையில்தான். பிற்சேர்க்கையில் தலை எண்ணிக்கை தனித்தனியாகக் கிடைக்கிறது. ஆனால் மதவாரியான எழுத்தறிவு, வேலை போன்ற முக்கியப் பட்டியல்களில் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரி. மும்பை பார்சியும் கும்லா மாவட்டத்து ஓராவ்ன் விவசாயியும் ஒரே சராசரியில் அடக்கம். அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

சர்னா என்பது உண்மையில் ஒரு தோப்பு. ஊர் எல்லையில் வெட்டாமல் விட்டுவைத்த சால மரங்கள். வசந்த காலத்தில் சால் பூக்கும்போது சர்ஹுல் திருவிழா. பாஹன் என்ற ஊர்ப் பூசாரி பூவும் பலியும் படைப்பார். முண்டா, ஓராவ்ன், ஹோ மக்களுக்கு இது பொது. சந்தால்கள் தங்கள் தோப்பை ஜாஹேர் என்பார்கள். வேதநூல் இல்லை, மதத்தை நிறுவியவர் என்று ஒருவர் இல்லை. இன்னும் சொன்னால், இந்த வழிபாட்டுக்கு ஒரு மதப் பெயர் வேண்டும் என்ற அவசியமே ஊருக்குள் இருந்ததில்லை. வாசலில் வந்து நின்றவர் கேட்டதால்தான் பெயர் தேவைப்பட்டது. தோப்பின் பெயர் மதத்தின் பெயரானது.

கேட்ட முதல் ஆட்கள் வெள்ளைக்காரர்கள். 1901 கணக்கெடுப்பில் ஆதிவாசிகளை 'அனிமிஸ்ட்' என்று எழுதினார்கள்; மரத்திலும் மலையிலும் ஆவி குடியிருப்பதாக நம்புகிறவர்கள் என்று பொருள். பிறகு 'பழங்குடி மதம்' என்று மாற்றினார்கள். இந்து எங்கே முடிகிறான், அனிமிஸ்ட் எங்கே தொடங்குகிறான் என்பது அவர்களுக்கே விளங்கவில்லை. அறிக்கைகளில் அந்தக் குழப்பத்தை ஒளிக்கவும் இல்லை. சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே 1943-ல் ஒரே போடாகப் போட்டார்: இவர்கள் பின்தங்கிய இந்துக்கள். வெரியர் எல்வின் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. பேசுகிற ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

படிவத்தில் ஒரு பெயரை ஏற்ற முடியும் என்று காட்டியவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். பஞ்சாபில் மங்கு ராம் 1926-ல் தொடங்கிய ஆத் தர்ம இயக்கம், தீண்டாமைக்கு ஆளான மக்களிடம் 'மதம் ஆத் தர்மம் என்று எழுதச் சொல்லுங்கள்' என்றது. 1931-ல் 4.18 லட்சம் பேர் அப்படியே எழுத வைத்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு படிவத்தில் ஆறு பெரிய மதங்களுக்கே எண் என்பது வழக்கமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆதிவாசியை இந்து என்று எழுதிக்கொள்ளும் அரசு, சட்டம் என்று வரும்போது பின்வாங்குகிறது. 1955 இந்து திருமணச் சட்டமும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும். வாரிசுரிமையில் இதனால் அடிபடுகிறவர்கள் ஆதிவாசிப் பெண்கள். மற்ற பெண்களுக்கு உள்ள சொத்துரிமை இவர்களுக்கு ஏன் இல்லை, இதை மாற்றலாமா என்று பரிசீலிக்கும்படி 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே மத்திய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கில் இந்து, கோர்ட்டில் இந்து அல்ல.

இதற்காக எல்லா ஆதிவாசிகள் மீதும் 'இந்து' என்ற முத்திரையை வலிந்து குத்திவிட்டார்கள் என்று சொல்வதும் சரியல்ல. 2011-ல் பழங்குடியினர் 10.43 கோடி பேர். பத்தில் எட்டுப் பேர் இந்துக்கள் என்றும், சுமார் ஒரு கோடிப் பேர் கிறிஸ்தவர்கள் என்றும் பதிவானது. ராஜஸ்தான் மீனாக்களிடம் போய் நீங்கள் இந்து இல்லை என்றால் அடிக்க வருவார்கள். அந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் தாமே சொன்னவர்கள், எத்தனை பேருக்காக ஆசிரியர் எழுதிக்கொண்டார் என்பதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை என்பதே பிரச்சினை. ஜார்க்கண்டில் மட்டும் 41 லட்சம் பேர் விடாப்பிடியாக சர்னா என்று எழுத வைத்திருக்கிறார்கள். அந்த மாநிலத்துப் பழங்குடியினரின் எண்ணிக்கை 86 லட்சம். எண்ணும் இல்லாமல், கேட்பாரும் இல்லாமல் வந்த கணக்கு இது.

படிவத்தின் அடுத்த கேள்வியில் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 8-வது கேள்வி தாழ்த்தப்பட்டோரா, பழங்குடியா என்பது. கூடவே ஒரு குறிப்பு: தாழ்த்தப்பட்டோர் இந்து, சீக்கியர், பௌத்தர்களில் மட்டுமே இருக்க முடியும், பழங்குடியினர் எந்த மதத்திலும் இருக்கலாம். 7-க்குச் சொன்ன பதில் 8-ன் கதவைத் திறக்கும், அல்லது அடைக்கும். 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை இந்துக்களை மட்டும் சொன்னது. சீக்கியர்கள் 1956-ல் சேர்ந்தார்கள், பௌத்தர்கள் 1990-ல். இதன் விளைவைப் பார்க்க மகாராஷ்டிரத்துக்குப் போக வேண்டும். 1956 அக்டோபரில் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். நாட்டில் 1951-ல் 1.8 லட்சமாக இருந்த பௌத்தர்கள் 1961-ல் 32 லட்சத்தைத் தாண்டினார்கள். பௌத்தர் என்று சொன்னவர்கள் தாழ்த்தப்பட்டோர் கணக்கிலிருந்து விழுந்தார்கள். 1981-ல் மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்டோர் 7.1 சதவீதம். 1991-ல் 11.1 சதவீதம். பத்தாண்டில் பிள்ளைகள் அதிகமாகப் பிறந்துவிடவில்லை. இடையில் சட்டம் மாறியது. புள்ளிவிவரத்தை வானத்திலிருந்து இறங்கியதாக நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்கள் போதும். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களைச் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ல் சொன்னது, 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள்.

பழங்குடியினருக்கு அந்தக் கதவு இல்லை. அதுவே இப்போது அவர்களுக்குள் சண்டையாகியிருக்கிறது. மதம் மாறியவர்களுக்குப் பழங்குடி அந்தஸ்து கூடாது என்ற கோரிக்கை புதிதல்ல, லோஹர்தகா எம்.பி.யாக இருந்த காங்கிரஸ்காரர் கார்த்திக் ஓராவ்ன் 1960-களின் இறுதியிலேயே அதைக் கிளப்பினார். இன்று சங்கப் பரிவாரத்தைச் சேர்ந்த அமைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சர்னா இயக்கத்திலேயே ஒரு சாரார் இதற்குத் தலையாட்டுகிறார்கள். ஆனால் சர்னாவுக்குத் தனி எண் என்றால் சங்கம் கையை விரிக்கிறது. ஆதிவாசி இந்துவே என்பது அதன் நிலை. பரிவாரத்தின் பார்வையில் கிறிஸ்தவ ஆதிவாசி ஆதிவாசியே அல்ல, சர்னா ஆதிவாசி இந்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நேராக வருகிறது; ஆதிவாசிக்குத்தான் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

இத்தனைக்கும் 2020 நவம்பர் 11-ம் தேதி ஜார்க்கண்ட் சட்டசபை தனி எண் கோரும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. எதிர்க்கட்சியான பா.ஜ.க.வும் எதிர்க்கவில்லை, 'ஆதிவாசி', 'சர்னா' என்ற சொற்களுக்கு நடுவே இருந்த சாய்கோட்டை மட்டும் ஆட்சேபித்தது. கோடு போனது. 'சர்னா ஆதிவாசி தர்மம்' என்ற பெயரில் தீர்மானம் தில்லிக்குப் போனது. 2023 பிப்ரவரியில் மேற்கு வங்க சட்டசபையும் சர்னா, சாரி தர்மம் இரண்டுக்கும் ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டில் முதல்வர் ஹேமந்த் சோரன் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார்.

தில்லி அதிகாரிகளின் வாதத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 'பிற மதங்கள்' பட்டியலில் குறைந்தது நூறு பேராவது உள்ள பெயர்கள் மட்டும் எண்பதுக்கு மேல். சர்னாவுக்குக் கொடுத்தால் கோண்டு கேட்பார்கள், பீல் கேட்பார்கள். பட்டியலைப் படித்தால் தலை சுற்றும். சந்தால், முண்டா, ஓராவ்ன் என்று இனத்தின் பெயரையே மதமாகச் சொல்லியிருக்கிறார்கள். 'அடி பாஸி' என்று ஒரு மதம் இருக்கிறது; 'ஆதிபாசி' என்ற சொல் யாரோ ஒரு எழுத்தரின் ஆங்கிலத்தில் இப்படி ஆகியிருக்க வேண்டும். திறந்த கேள்வியின் ஆபத்து அரசுக்கு நன்றாகவே தெரியும். 2011-ல் தனியாக நடத்திய சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சம் சாதிப் பெயர்கள் வந்து குவிந்தன. 1931-ல் இருந்தவை 4,147 மட்டுமே. உட்பிரிவு, குடும்பப் பெயர், எழுத்துப்பிழை எல்லாம் சாதியாகிவிட்டன. அந்த சாதிக் கணக்கு வெளிவரவே இல்லை.

ஆனால் இந்த வாதம் எண் கொடுக்காததற்குக் காரணமாகாது. நல்ல பட்டியல் தயாரிக்க வேண்டும் என்பதற்கே காரணமாகும். அரை கோடிப் பேர் ஒரே பெயரைச் சொன்ன பிறகு அதைக் குழப்பம் என்று சொல்ல முடியாது. 2001-ல் சர்னா 40.8 லட்சம். பத்தாண்டில் 21 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. நாட்டின் மொத்த வளர்ச்சி 17.7 சதவீதம். பெயர் பரவுகிறது.

பரவாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அருணாசலப் பிரதேசத்தைப் பார்க்கலாம். 1971-ல் அங்கே 'பிற மதங்கள்' 63 சதவீதம். கிறிஸ்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. 2011-ல் பிற மதங்கள் 26 சதவீதம், கிறிஸ்தவர்கள் 30, இந்துக்கள் 29. சூரியனையும் சந்திரனையும் வணங்கும் தோன்யி போலோவுக்குப் பிரார்த்தனைக் கூடம், ஒழுங்கான வழிபாட்டு முறை என்று உருவம் கொடுக்க ஆதி இனத்தைச் சேர்ந்த தாலோம் ருக்போ 1980-களில் முனைந்தார். அதற்குள் பலர் போய்விட்டிருந்தார்கள். பெயரும் கூடமும் இல்லாத மதத்தை விட்டுப் போவது சுலபம். விட்டுப் போனதாகவே தோன்றாது.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் நின்றது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 30-ம் தேதி மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி இம்முறை எல்லோரிடமும் சாதியும் கேட்கப்படும். சுதந்திர இந்தியாவில் இதுவே முதல் தடவை. நாடு முழுக்க அதே பேச்சாக இருப்பதில் மதக் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. இம்முறை காகிதத்துக்குப் பதில் செல்போன் செயலி. சாதிக்குப் பட்டியல் தயாரிக்கிற உழைப்பில் ஒரு சிறு பங்கு போதும், மதக் கேள்வியில் இன்னும் நாலைந்து பெயர்களுக்கு எண் கொடுக்க. திரையில் பெயர் தயாராக இருந்தால் ஆசிரியர் தொடுவார். இல்லாவிட்டால் தட்டச்சு செய்ய வேண்டும். சிம்தேகாவிலும் குந்தியிலும் வெயிலில் நின்றுகொண்டு எத்தனை பேர் செய்வார்கள்? ஆகவே ஊர்க்காரர்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பதில் சொன்னதோடு விடாமல், என்ன பதிவானது என்று திரையைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.